தாம்பரம் – காரைக்குடி: 400 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்?

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, முகப்புத் திண்ணையில் பங்காளிகள் ஐந்தாறு பேர் உட்கார்ந்து மைலேஜ் பேசினோம். ஒருவர் 22 என்றார். மற்றொருவர் 14க்கு மேல் பார்த்ததே இல்லை என்றார். இருவரிடமும் இருப்பது நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஸ்யூவிதான். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். "வண்டித் திரையில் காட்டியது" என்றார்கள் இருவரும். அன்றிரவே என் நோட்டைப் புரட்டினேன். அதன் பிறகு ஓட்டிய கணக்குகளையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஐயா சைக்கிளுக்கு மாற்றிய ட்யூபைக்கூடப் பேரேட்டில் ஏற்றியவர். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. காரின் முன்பெட்டியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். தேதி, ஓடோமீட்டர், லிட்டர், காரில் எத்தனை பேர், ஏசி உண்டா இல்லையா என்று ஐந்து கட்டம். வண்டி 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், கையால் கியர் மாற்றுவது.

முதலில் அளக்கும் முறை. டாங்க்கை நிரப்பும்போது குழாய் தானாக நிற்கும் முதல் 'டக்'கோடு நிறுத்திவிட வேண்டும். பங்க் ஊழியர் சில்லறைக் கணக்கைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் விடட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூக்கு வரை ஊற்றினால் கணக்கு கெடும். ஆவியை வடிகட்டும் கரிக்குடுவைக்குள் பெட்ரோல் இறங்கி அதையும் கெடுக்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் மறுபடி முதல் 'டக்' வரை நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். இரண்டு முறையும் தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி சாய்ந்து நின்றால் அரை லிட்டர்கூட முன்னே பின்னே ஆகும்.

இனி நோட்டிலிருந்து. பொங்கல் பயணத்தில் நான்கு பேர், ஏசி முழுநேரமும் ஓடியது. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று சுங்கச்சாவடிகளுக்கு நடுவே வேகம் நூறைத் தொட்டும் தாண்டியுமே இருந்தது. 398 கி.மீ. ஓடி 24.6 லிட்டர் குடித்தது. லிட்டருக்கு 16.2. திரை காட்டியதோ 17.4.

மாசி மாதம் அதே நான்கு பேர், அதே ஏசி, அதே சாலை. இந்த முறை 80க்கும் 85க்கும் இடையிலேயே முள்ளை வைத்திருந்தேன். 401 கி.மீ., 20.9 லிட்டர். லிட்டருக்கு 19.2. திரையில் 20.6. இரண்டு பயணத்திலும் திரை ஏழு சதவீதத்துக்கு மேல் கூட்டியே சொல்லியிருக்கிறது. ஆகவே திண்ணையில் 22 என்ற பங்காளிக்கு உண்மையில் இருபதை ஒட்டித்தான் கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

வேகத்தைக் குறைத்ததில் மிஞ்சியது 3.7 லிட்டர். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி விற்கிற இன்றைக்கு ஏறத்தாழ 370 ரூபாய். கூடுதலாகச் செலவானது முக்கால் மணி நேரம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. சிறிய எஸ்யூவி என்று சொன்னாலும் நெற்றி உயர்ந்த வண்டி. காற்றை முட்டிக்கொண்டுதான் போகிறது. 85லிருந்து 105க்குப் போனால் வேகம் கால் பங்கே கூடுகிறது, தடை ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. விளம்பர எண்ணோ ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி எடுப்பது. அங்கே வேகம் 90ஐத் தாண்டாது, ஏசி ஓடாது, மாடு குறுக்கே வராது.

ஊருக்குள் ஓட்டிய கணக்குதான் என்னைக் கலங்க வைத்தது. அப்பத்தாவை நகரத்தாரின் நகரக் கோவில்கள் ஒன்பதுக்கும் அழைத்துப் போனேன். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று தொடங்கி வேலங்குடியில் முடித்தோம். மூன்று நாளில் 186 கி.மீ.தான், 14.8 லிட்டர் போய்விட்டது. லிட்டருக்கு 12.6. ஒவ்வொரு கோவிலிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதில் இயந்திரத்தின் சூடு தணிந்துவிடும். மறுபடி கிளப்பி இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் அடுத்த வேகத்தடை. அப்பத்தாவுக்கு வெயில் ஆகாது என்பதால் வெளியே வருமுன்பே ஏசியைப் போட்டு வண்டியைக் குளிர வைத்திருப்பேன். அந்தப் பத்துப் பத்து நிமிடங்கள் எந்தத் தூரக் கணக்கிலும் வராது, பெட்ரோல் கணக்கில் வந்துவிடும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு வண்டியைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

இன்னொன்று. சர்வீஸ் முடிந்து வந்த வாரம் வண்டி கொஞ்சம் கனத்து ஓடுவதுபோல இருந்தது. காரைக்குடியில் பஞ்சர் ஒட்டுபவர் தம்முடைய அழுத்தமானியை வைத்துப் பார்த்தார். 27, 26, 28, 27. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் 33 என்று தெளிவாக எழுதியிருக்கிறது. சர்வீஸ் செய்த இடத்தில் கொடுத்த சரிபார்ப்புத் தாளில் 'டயர் காற்று' என்ற வரிக்கு நேரே டிக் போட்டிருந்தார்கள். இதனால் இழந்த மைலேஜ் அதிகம் இல்லை, ஒன்றிரண்டு சதவீதம் இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் காற்றுக் குறைந்த டயர் எத்தனை சூடேறும் என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பின் இருக்கையில் குழந்தைகள் இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பள்ளத்தூரிலிருந்து ஒருவர் எழுதியது:

என்னுடையது 1.5 டீசல். மாதம் ஒருமுறை பெங்களூரு போய் வருகிறேன். இந்த முறையில் ஆறு மாதம் எழுதிப் பார்த்தேன். போகும்போது கிடைக்கும் மைலேஜ், திரும்பும்போது கிடைப்பதை ஒருநாளும் எட்டவில்லை. சென்ற மாதம் போக 425 கி.மீ.க்கு 22.4 லிட்டர், அதாவது 19. வர 424 கி.மீ.க்கு 20.3 லிட்டர், ஏறக்குறைய 20.9. முதலில் பங்க் மேல் சந்தேகப்பட்டேன். பிறகுதான் புத்தியில் பட்டது. நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் கீழ். பெங்களூரு 900க்கு மேல். ஒன்றரை டன் பாரத்தை எண்ணூறு மீட்டர் மேலே தூக்கிக்கொண்டு போகிறோம். அதற்கே ஒரு லிட்டர் அளவுக்கு டீசல் வேண்டும்.

தொப்பூர் கணவாயில் இறங்கும்போது சிலர் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இயந்திரங்கள் எரிபொருளைத் தாமாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரித்துக்கொண்டிருக்கும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய லாரிகள் அந்தச் சரிவில் என்ன ஆயின என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தேவகோட்டை ஆச்சி ஒருவர் எழுதியது:

தம்பி எழுதிய வேகக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். என் வண்டி பெட்ரோல், 2017இல் வாங்கியது. சென்னை – தேவகோட்டை பயணத்தில் வருடக்கணக்காக 17.4 கொடுத்தது, இப்போது 16.3தான். பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் கலந்து வருவது ஒரு காரணம். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சீர்செய்த நான்கு சக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்று சொல்லியிருக்கிறது. என் நோட்டும் அதைத்தான் சொல்கிறது.

மகள் கல்யாணத்துக்குப் பலகார டின்களைக் கூரைமேல் கேரியரில் கட்டிக்கொண்டு போனோம். மணகோலம், தேன்குழல், சீப்புச்சீடை எல்லாம் சேர்த்தே நாற்பது கிலோ இருக்கும். அன்று 13.8. திரும்பும்போது டின்கள் இல்லை, காலிக் கேரியர் மட்டும் மேலே இருந்தது. அப்போதும் 15ஐத் தாண்டவில்லை. பாரத்தைவிட மேலே நீட்டிக்கொண்டிருப்பதுதான் குடிக்கிறது.

பள்ளத்தூர்க்காரருக்கும் ஆச்சிக்கும் என் பதில்:

ஏற்றத்தை நான் யோசிக்கவே இல்லை. தாம்பரமும் காரைக்குடியும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லாதவை. ஆச்சி சொன்ன கேரியர் என் வண்டியிலும் கார்த்திகையிலிருந்து காலியாகவே நிற்கிறது. அப்படியானால் நான் மேலே எழுதிய இரண்டு எண்களும் கேரியரோடு வந்தவை. நாளைக் காலை அதைக் கழற்றி வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் திரும்புகிறோம். நான்கு பேர், ஆத்தங்குடித் தரைக்கல் முப்பது (ஒன்று ஏறத்தாழ இரண்டு கிலோ), ஏசி உண்டு, வேகம் 80 முதல் 85 வரை. நோட்டில் கட்டம் போட்டு வைத்துவிட்டேன். லிட்டர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது.