விளையாட்டு அறைக்கு மூடி போட்ட பெட்டியா, திறந்த அலமாரியா?

இழைப்புளி:
நேற்று 'இரட்டை வால்' இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பெரிய மரப்பெட்டி ஒன்று, மேலே மூடி. பொம்மைகளை உள்ளே தள்ளி மூடினால் விளையாட்டு அறை தயார்" என்கிறார். அது விளையாட்டு அறை அல்ல, குப்பைத்தொட்டி. அடியில் கிடக்கும் ஒரு காருக்காகப் பிள்ளை பெட்டி முழுவதையும் தரையில் கவிழ்க்கும். அப்புறம் அந்த மூடி! குனிந்து தேடும் குழந்தையின் கழுத்தில் விழும், இல்லாவிட்டால் விரலில் விழும். எந்தக் கோணத்தில் கையை எடுத்தாலும் அங்கேயே நிற்கும்படி தாங்கி வைக்காத மூடி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. பொம்மைக்குத் திறந்த அலமாரிதான் சரி. இருபது வருடமாக மரவேலை செய்கிறவன் சொல்கிறேன்.

இரட்டை வால்:
பெயர் சொல்லித் திட்டியதற்கு நன்றி ஐயா. என் வீட்டில் இரண்டு பேர், இருவருக்கும் ஒரே வயது. ஐந்து வருடமாக அதே பெட்டி. ஒரு விரல்கூட நசுங்கவில்லை. நீங்கள் புகழும் அலமாரியைப் பிள்ளைகள் ஏணி என்றுதான் நினைக்கும். தட்டுத் தட்டாக ஏறினால் அலமாரி மேலே சாயாதா? அதைப் பற்றி மரவேலைக்காரர் மூச்சே விடவில்லையே?

இழைப்புளி:
சுவரோடு சேர்த்துத் திருகினால் ஏன் சாயப்போகிறது? கனமானதைக் கீழ்த்தட்டில் வையுங்கள். மூன்று வயதுப் பிள்ளையே ஏறக்குறைய 95 செ.மீ. உயரம்தான், அதற்கு மேல் அலமாரி எதற்கு? நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. மூடிக்குத் தாங்கி உண்டா, இல்லையா?

எண்சாண்:
2018இல் அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. 36 சிறு குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் ஒருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். 4 இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். ஆகவே பெட்டியா அலமாரியா என்பதே தப்பான கேள்வி. பாதியை எடுத்து ஒளித்துவிட்டு அவ்வப்போது மாற்றுங்கள்.

இரட்டை வால்:
36 குழந்தைகளை வைத்து ஊருக்கே தீர்ப்பா? என் வீட்டில் 4 வைத்தால் நாலுக்கும் அடிதடி.

இழைப்புளி:
எண்சாண், ஆராய்ச்சியைக் கொண்டுவந்து பேச்சைத் திருப்ப வேண்டாம். இரட்டை வால் அம்மணி, மூடி, மூடி!

கூடத்து மூலை:
எங்களுக்குத் தனி அறையே இல்லை. கூடத்து மூலையில் ஒரு பாய், இரண்டு துணிக்கூடை. அறை ஒதுக்கிக் கொடுத்தாலும் பிள்ளைகள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு நம் காலடிக்குத்தான் வருகின்றன.

இழைப்புளி:
கூடைக்கு மூடி இல்லை அல்லவா? பார்த்தீர்களா!

இரட்டை வால்:
கூடை அலமாரியும் இல்லை. பார்த்தீர்களா!

புதியவன்:
ஒரு சந்தேகம். மகளுக்கு ஒன்றரை வயது. அண்ணனுடைய பொடிப்பொடிக் கட்டைகளும் அதே அறையில்தான் கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

எண்சாண்:
பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்று உண்டு. அதற்குள் முழுதாக அடங்குவது எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கைக்கு வரக்கூடாது. பொத்தான் பேட்டரி போடும் பொம்மை இருந்தால் அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரட்டை வால்:
ஆக, மூடி வேண்டும்!

இழைப்புளி:
அது பேட்டரி மூடி! கட்டைகளை எட்டாத உயரத்தில் வைத்தால் முடிந்தது. வார்த்தையைப் பிடித்துத் தொங்குவது உங்களுக்குப் பழக்கம்.

இரட்டை வால்:
யார் தொங்குவது? போன மாதம் நான் நுரைப்பாய் போடுங்கள் என்றதற்கு, கம்பளம்தான் என்று நாற்பது பதிவு போட்டீர்கள். பிறகு களிமண் ஒட்டியது, கம்பளத்தைச் சுருட்டிவிட்டேன் என்று நீங்களே எழுதினீர்கள்.

இழைப்புளி:
ஒட்டியது களிமண் அல்ல, பசை. சுருட்டவில்லை, துவைக்கப் போட்டேன். தாங்கி உண்டா, இல்லையா?

இரட்டை வால்:
இல்லை. மூடியைப் போன வருடமே கழற்றிவிட்டோம். பிள்ளைகள் அதைத் தரையில் போட்டு, மேலே தாளை விரித்துப் படம் வரைகிறார்கள்.

இழைப்புளி:
அப்படியானால் மூடி போட்ட பெட்டி என்று எதற்கு எழுதினீர்கள்?!

இரட்டை வால்:
பெட்டிக்கு மூடி உண்டு. வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பேச்சைக் கேட்டு ஒன்றும் கழற்றவில்லை.

இழைப்புளி:
அந்த மூடியின் ஓரத்தையாவது இழைத்தீர்களா?