புதிய காருக்குப் பேரம்: விலையைக் கேட்டால் மாதத் தவணையைச் சொல்கிறார்கள்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். முதல் முறையாகப் புதிய கார் ஒன்றை வாங்க முடிவு செய்திருக்கிறேன். இதுவரை ஓட்டியதெல்லாம் கைமாறி வந்த பழைய வண்டிகள்தான். அவற்றுக்குப் பேரம் பேசுவதில் எனக்குக் கூச்சமே இருந்ததில்லை. ஷோரூமில் போய் உட்கார்ந்தபோது மட்டும் ஏனோ வாயடைத்துப் போய்விட்டது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சேர்த்து இறுதி விலை எவ்வளவு என்று கேட்டேன். விற்பனையாளர் அதற்குப் பதில் சொல்லாமல், "மாதம் எவ்வளவு கட்டினால் உங்களுக்குச் சிரமம் இருக்காது, சார்?" என்று கேட்டார். நானும் யோசிக்காமல் ஒரு தொகையைச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாகக் கோடு போட்டு, நான்கு கட்டங்களில் வண்டி விலை, என் பழைய காரின் மதிப்பு, முன்பணம், மாதத் தவணை என்று எழுதினார். தாளோடு மேலாளர் அறைக்குள் போனவர் கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார். மூன்று கட்டங்களில் எண்கள் அடித்தும் திருத்தியும் கிடந்தன. தவணைக் கட்டத்தில் மட்டும் நான் சொன்ன தொகை அப்படியே இருந்தது, அதைச் சுற்றி இரண்டு வட்டங்கள். கேட்டது கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன். இரவு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், வண்டி விலையில் ஒரு காசும் குறையவில்லை என்பதும், 60 மாதங்கள் என்று நான் நினைத்திருந்த கடன் 84 மாதங்களுக்கு நீட்டப்பட்டிருந்தது என்பதும் புரிந்தன.

நல்ல வேளையாகக் கையெழுத்தும் போடவில்லை, முன்பணமும் கட்டவில்லை. ஆனால் இந்தச் சலுகை மாதக் கடைசியோடு முடிந்துவிடும் என்று தினமும் தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறார்கள். பேரத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும்? பழைய காரை அவர்களிடமே கொடுப்பதா, வெளியில் விற்பதா? முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுப்பதாகச் சொன்னால் விலை குறையுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1

நான் 11 ஆண்டுகள் அந்த மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தவன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை. நீங்கள் பார்த்த நான்கு கட்டத் தாளைப் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவோம். வாங்க வருபவர் நான்கில் ஏதேனும் ஒன்றைத்தான் இறுகப் பிடித்துக்கொள்வார். அவர் பிடித்திருப்பதை விட்டுக்கொடுத்துவிட்டு மற்ற மூன்றில் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் அந்தத் தாளின் வேலை. நீங்கள் தவணையைப் பிடித்தீர்கள். அவர் கடன் காலத்தை நீட்டினார். பழைய காருக்கு நல்ல விலை வேண்டும் என்று நின்றிருந்தால் அதையும் தாராளமாகக் கூட்டித் தந்திருப்பார், ஆனால் புதிய வண்டிக்குத் தருவதாக இருந்த தள்ளுபடி சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும்.

டீலருக்கு வருமானம் வண்டி விலையிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் ஏற்பாடு செய்தால் வங்கியிடமிருந்து கமிஷன், காப்பீடு எடுத்துக்கொடுத்தால் அங்கிருந்து ஒரு கமிஷன், சீட் உறை முதல் கதவு ஓரத் தகடு வரை உதிரி அலங்காரப் பொருட்களில் கணிசமான லாபம், நீட்டிக்கப்பட்ட வாரண்டியில் ஒரு பங்கு, உங்கள் பழைய வண்டியை வாங்கி விற்பதில் ஒரு பங்கு, இவை போக, குறிப்பிட்ட காலத்துக்குள் இத்தனை வண்டி விற்றால் இவ்வளவு என்று தயாரிப்பு நிறுவனம் கொடுக்கும் ஊக்கத்தொகை என்று பல வாய்க்கால்களில் பணம் வருகிறது. வண்டி விலையில் மட்டும் கறாராக நின்றுவிட்டு, மற்றவற்றுக்கெல்லாம் தலையாட்டி எழுந்து போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாங்கள் அவர்களை வாசல் வரை போய் வழியனுப்புவோம்.

ஆகவே தவணை பற்றி வாயே திறக்காதீர்கள். கேட்டால், "பணம் எப்படிக் கட்டுவது என்பதைப் பிறகு பார்க்கலாம், வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து வண்டி என் கைக்கு வரும் விலை எவ்வளவு?" என்று திரும்பக் கேளுங்கள். அந்த ஒரே எண்ணை, அதில் அடங்கியவற்றை வரி வரியாகப் பிரித்து, எழுத்தில் வாங்குங்கள். அரசுக்குப் போகும் வரியையும் பதிவுக் கட்டணத்தையும் யாராலும் குறைக்க முடியாது; அவற்றில் மன்றாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 'கையாளும் கட்டணம்', 'ஆவணக் கட்டணம்', 'பாதுகாப்புப் பூச்சு' போன்ற பெயர்களில் வரும் இனங்களில் பென்சிலை வைத்து, இது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அதே மாடல், அதே வகை, அதே நிறத்துக்கு இன்னும் இரண்டு மூன்று டீலர்களிடம் இதே விதமான பட்டியலை மின்னஞ்சலில் வாங்கிவிட்டால், அதன் பிறகு நீங்கள் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே வராது.

பழைய காரை முதலில் வெளியில் இரண்டு இடங்களில் காட்டி மதிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய வண்டியின் விலை எழுத்தில் வரும் வரை, பழைய வண்டி இருக்கிறது என்ற பேச்சையே எடுக்காதிருப்பது நல்லது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள். பரவாயில்லை, "அதை உறவினரிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்" என்று ஒதுக்கி வையுங்கள். கடைசியில் அவர்களும் ஒரு விலை சொல்லட்டும்; வெளி விலையோடு ஒத்துப்போனால் அலைச்சலை மிச்சப்படுத்திக்கொண்டு அங்கேயே கொடுத்துவிடலாம்.

ரொக்கம் என்றால் விலை குறையும் என்பது பழங்காலத்து நம்பிக்கை. ரொக்கமாகக் கொடுப்பவரிடம் டீலருக்குக் கடன் கமிஷன் கிடைக்காது. அதனால் மேலாளரின் முகம் சற்று வாடத்தான் செய்யும். எப்படிக் கட்டப் போகிறீர்கள் என்பதை விலை முடிவாகும் வரை சொல்லாதீர்கள்.

மாதக் கடைசி பற்றி ஒரு வார்த்தை. விற்பனை இலக்குக்கு இன்னும் இரண்டு வண்டி குறையும்போது, அந்த இரண்டு வண்டிகளில் லாபமே இல்லாவிட்டாலும் தள்ளிவிடுவோம். ஊக்கத்தொகை மொத்த விற்பனைக்கும் சேர்த்து வருவதால் அது எங்களுக்குக் கட்டுப்படியாகும். கடைசித் தேதி நெருங்க நெருங்கப் பதற்றம் அந்தப் பக்கம்தான் கூடும். தினமும் அழைக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

மறுமொழி 2

கடன் பகுதியை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் என் வேலை அதுதான். கடன் தொகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 9 சதவீதம், குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி என்றால், 60 மாதங்களுக்குத் தவணை சுமார் 2.08, மொத்த வட்டி சுமார் 24.5. அதையே 84 மாதங்களாக்கினால் தவணை 1.61 ஆக இறங்கும். வட்டியோ 35ஐத் தொட்டுவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். "வட்டி வெறும் 7 சதவீதம்" என்று சொன்னால், அது நிலையான வட்டியா, குறைந்துவரும் நிலுவைக்கான வட்டியா என்று கேளுங்கள். நிலையான வட்டியில் நீங்கள் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும் முதல் நாள் தொகை முழுவதற்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள். 5 ஆண்டுகளுக்கு 7 சதவீத நிலையான வட்டி என்பது உண்மையில் குறைந்துவரும் நிலுவைக்கு ஏறக்குறைய 12.5 சதவீத வட்டி போடுவதற்குச் சமம். உங்கள் சொந்த வங்கியில் முன்கூட்டியே கடன் ஒப்புதல் வாங்கிக்கொண்டு போவது நல்லது. டீலர் வழியாக எடுத்தால் விலையில் கூடுதலாகக் குறைக்கிறோம் என்று அவர்கள் சொன்னால் அதையும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் முன்கூட்டியே அடைத்தால் என்ன அபராதம் என்ற வரியைப் படிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மறுமொழி 3

முதல் மறுமொழி எழுதிய ஐயாவிடம் சிறிய மாறுபாடு எனக்கு உண்டு. பட்டியல் கையில் இருந்தால் யாருக்கும் ஒரே விலைதான் கிடைக்கும் என்ற தொனி அதில் இருக்கிறது. சென்ற ஆண்டு நானும் என் தம்பியும் ஒரே ஷோரூமில், ஒரே வண்டிக்கு, மூன்று நாள் இடைவெளியில் தனித்தனியாக விசாரித்தோம். அவனிடம் சொன்ன முதல் விலையே என்னிடம் சொன்ன கடைசி விலையைவிடக் குறைவாக இருந்தது. என்னிடம் பேசிய நேரத்தில் பாதி, வண்டியின் நிறங்களை விளக்குவதில் போயிற்று.

இது என் கற்பனையல்ல. இயன் ஏயர்ஸ், பீட்டர் சீகல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் சிகாகோ பகுதியில் பேரம் பேசும் முறையை ஒரே மாதிரியாகப் பயிற்றுவித்து ஆட்களை ஷோரூம்களுக்கு அனுப்பினார்கள். 300க்கும் மேற்பட்ட இணைச் சோதனைகளின் முடிவை 1995இல் வெளியிட்டார்கள். ஒரே வார்த்தைகளைப் பேசியும் வெள்ளை இன ஆண்களுக்குக் கறுப்பினத்தவரையும் பெண்களையும்விடக் குறைந்த விலை சொல்லப்பட்டது. அதனால்தான் பேரத்தை முடிந்தவரை மின்னஞ்சலிலேயே நடத்துங்கள் என்கிறேன். எழுத்துக்கு முகம் கிடையாது. நான் கடைசியில் வாங்கியதும் அப்படித்தான், அதுவும் வேறு டீலரிடம்.

முதலில் தொகை சொல்வது யார் என்ற தயக்கம் வேண்டாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டு ஏற்கெனவே முதல் தொகையைச் சொல்லிவிட்டது. 1974இல் ட்வர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில், சுழல்சக்கரத்தில் 65 விழக் கண்டவர்கள், 10 விழக் கண்டவர்களைவிட, அதற்குத் துளியும் தொடர்பில்லாத கேள்விக்குப் பெரிய எண்ணைப் பதிலாகச் சொன்னார்கள். சீட்டைப் பார்த்துவிட்டு அதிலிருந்து எவ்வளவு குறைப்பது என்று யோசிக்கும்போது நாமும் அந்தச் சக்கரத்தின் முன்னால்தான் நிற்கிறோம். இன்னொரு டீலர் எழுத்தில் கொடுத்த விலையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

மறுமொழி 4

எல்லாரும் பேரம் எப்போதும் பலிக்கும் என்பதுபோல் எழுதுகிறீர்கள். முன்பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் மாடல் என்றால் ஒரு காசும் இறங்க மாட்டார்கள். ஏன் இறங்க வேண்டும்? அத்தகைய வண்டிக்கு விலையை விட்டுவிட்டு, தேவையற்ற பொருட்களைத் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்வதே போதும். எனக்குப் பேரமே பிடிக்காது. ஜெனரல் மோட்டார்ஸ் 1990 முதல் விற்ற சாட்டர்ன் கார்களுக்கு ஒட்டிய விலைதான் விலை என்று வைத்திருந்தார்கள். 2010இல் அந்தப் பெயரே இல்லாமல் போயிற்று என்பது வேறு கதை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நான் பார்ப்பது காத்திருக்க வேண்டிய மாடல் அல்ல. இரண்டு டீலர்களிடம் பட்டியல் வாங்கிவிட்டேன். ஒருவர் மற்றவரைவிட மூன்று சதவீதம் குறைவு. ஆனால் குறைவாகச் சொல்பவர், "கையிருப்பில் உள்ள இந்த வண்டியை எடுத்தால்தான் இந்த விலை" என்கிறார். அதில் ஏதேனும் வில்லங்கம் இருக்குமா? ரொக்கத் தள்ளுபடிக்குப் பதிலாக அதே மதிப்புக்கு உதிரிப் பொருட்களை இலவசமாகத் தருவதாகவும் சொல்கிறார்.

மறுமொழி 1

வில்லங்கம் என்று சொல்ல முடியாது, வயது என்று சொல்லலாம். ஷோரூமில் நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் டீலர் கடன் வாங்கி நிறுத்தியிருப்பவை. ஒவ்வொரு நாளும் அவற்றுக்கு வட்டி ஓடுகிறது. ஆறு மாதமாக ஒரே இடத்தில் நிற்கும் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் மேலாளருக்குத் தலை வலிக்கும். அதில்தான் இறக்கத்துக்கு அதிக இடம் உண்டு, கேட்கத் தயங்காதீர்கள்.

வயதைத் தெரிந்துகொள்ள அவரைக் கேட்க வேண்டியதே இல்லை. டயரின் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் நீண்ட குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் அந்த டயர் செய்யப்பட்டது. வண்டி அதற்குப் பிறகுதான் கட்டப்பட்டிருக்கும், ஆனால் பெரும்பாலும் வெகு நாள் கழித்து அல்ல. வண்டி தயாரான மாதம் பெரும்பாலும் வண்டியின் உடற்சட்டகத்தில் ஒட்டிய தகட்டில் இருக்கும், அதை டயரில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஆண்டு மாறிவிட்டிருந்தால், நாளை நீங்கள் விற்கும்போது வாங்குபவர் அதைக் கட்டாயம் குறைத்துக் கேட்பார். ஆகவே அந்தக் குறைவை இன்றைக்கே வாங்கிவிடுங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்வதும் அவசியம்.

உதிரிப் பொருளுக்குப் பதில், பணமாகவே கழிக்கச் சொல்லுங்கள். பட்டியல் விலையில் பத்து மதிப்புள்ள பொருள் அவர்களுக்கு அதில் பாதிக்கும் குறைவாகவே அடங்கும். பத்தைக் கொடுத்ததுபோல் பேசிவிட்டு நான்கையோ ஐந்தையோ கொடுப்பார்கள்.

கேள்வி கேட்டவர்

டயரைப் பார்த்தேன். வண்டி தயாராகி எட்டு மாதம் ஆகியிருக்கிறது, ஆண்டும் மாறிவிட்டது. அதைச் சொன்னவுடன் விற்பனையாளர் மறுபடியும் தாளை எடுத்து நடுவில் கோடு போடத் தொடங்கினார். கட்டம் வேண்டாம், ஒரே எண் போதும் என்றேன். மேலாளர் அறைக்குள் இரண்டு முறை போய் வந்தார். மூன்றாம் முறை போனபோது நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாகன நிறுத்தத்துக்கு வருவதற்குள் தொலைபேசி ஒலித்தது. உதிரிப் பொருள் எதுவும் இல்லாமல், முதலில் எழுதித் தந்த விலையிலிருந்து மேலும் நான்கு சதவீதம் பணமாகக் குறைத்தார்கள். இறுதிப் பட்டியலில் 'கையாளும் கட்டணம்' மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. சுட்டிக்காட்டியதும், தட்டச்சுப் பிழை என்று நீக்கினார்கள். பழைய காரை வெளியில் விற்றுவிட்டேன், கடன் என் வங்கியில். வியாழக்கிழமை மாலை வண்டியை எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுமொழி 1

மாலையில் போகாதீர்கள். காலையில் போங்கள், வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்லிச் சுற்றிப் பாருங்கள். ஷோரூம் விளக்கில் பெயின்ட் கீறலும் திருத்திப் பூசிய இடமும் கண்ணுக்குத் தெரியாது. கடைசித் தொகையை அதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.