ஆழ்குழாய்க் கிணற்றில் எழும் மீத்தேன் எங்கே உருவானது என்று எப்படி அறிவது?

குறிஞ்சிப்பாடி உழவர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டாரை நிறுத்திய பிறகும் குமிழிகள் எழுகின்றன. பரிசோதித்ததில் பெரும்பகுதி மீத்தேன் என்று தெரிந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து கசிகிறது என்று சிலரும், அடியில் எண்ணெய் இருக்கிறது என்று சிலரும் சொல்கிறார்கள். எங்கே உருவானாலும் மீத்தேன் ஒரே மூலக்கூறுதானே, பிறகு எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

புவிவேதியியல் மாணவி, புதுச்சேரி:
மூலக்கூறு ஒன்றுதான் ஐயா, ஆனால் அதிலுள்ள கார்பன் அணுக்களின் எடை ஒன்றல்ல. நுண்ணுயிரிகள் மீத்தேனை உருவாக்கும்போது இலேசான கார்பன்-12ஐயே அதிகம் எடுத்துக்கொள்வதால், கனமான கார்பன்-13 அதில் மிகக் குறைந்துவிடுகிறது. ஒரு பொதுவான ஒப்பீட்டுப் பொருளைவிடக் கார்பன்-13 விகிதம் ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்பதை மைனஸ் எண்ணால் காட்டும் சர்வதேச அளவுகோலில், இந்த மதிப்பு பெரும்பாலும் ஆயிரத்துக்கு மைனஸ் 60க்கும் கீழே இருக்கும். ஆழத்தில் வெப்பத்தால் கரிமப் பொருள் சிதைந்து உருவாகும் வாயுவில் அது ஏறத்தாழ மைனஸ் 50க்கும் மைனஸ் 20க்கும் இடையில் அமையும். அத்துடன் மீத்தேனோடு கலந்து வரக்கூடிய ஈத்தேன், புரோப்பேன் என்ற வாயுக்கள் இரண்டையும் அளந்து, அவற்றின் கூட்டுத்தொகையால் மீத்தேனை வகுத்துப் பாருங்கள். விடை ஆயிரத்தைத் தாண்டினால் நுண்ணுயிரிகளின் வேலை என்றும், நூறுக்குக் கீழே இருந்தால் வெப்பத்தால் உருவானது என்றும் கொள்வது வழக்கம்.

நீரியலாளர், கடலூர்:
மேலே சொன்னது சரி, ஆனால் கார்பன்-13 எண் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். மேலே வரும் வழியில் மீத்தேனை வேறு நுண்ணுயிரிகள் உண்டால், அவையும் இலேசானதையே முதலில் உண்பதால், மிஞ்சும் வாயு கனமாகி, ஆழத்தில் வெப்பத்தால் உருவாகி எண்ணெய் வளத்திலிருந்து வந்ததுபோலத் தோற்றமளிக்கும். மீத்தேனிலுள்ள ஹைட்ரஜனின் ஐசோடோப்பையும் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை) உடன் அளந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழுப்பு நிலக்கரி அதிக வெப்பம் காணாதது. அதில் உருவாகும் மீத்தேனும் பெரும்பாலும் நுண்ணுயிரிகள் தருவதே. ஆகவே கார்பன்-13ஐக் கொண்டு அதனைப் பிச்சாவரம் போன்ற சதுப்பு மண்ணின் வாயுவிலிருந்து பிரிப்பது கடினம். அங்கே உதவுவது காலப்போக்கில் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன்-14. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருளில் அளக்கத்தக்க அளவு மிஞ்சாது. நிலக்கரி அதைவிட மிகப் பழமையானது என்பதால் அதன் வாயுவில் கார்பன்-14 இருக்காது. இளம் சதுப்பு வாயுவில் கணிசமாக இருக்கும்.

குறிஞ்சிப்பாடி உழவர்:
மிக்க நன்றி ஐயா. மாதிரியை நானே பாட்டிலில் பிடித்து அனுப்பலாமா?

நீரியலாளர், கடலூர்:
தயவுசெய்து ஆய்வகத்தாரிடம் கேட்டு, அவர்கள் தரும் கலனிலேயே பிடியுங்கள். சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் வழியே வாயு கசியும். கலனை முழுதும் நீரால் நிரப்பி, நீருக்குள்ளேயே கவிழ்த்து, எழும் குமிழிகளால் அந்த நீரை வெளியேற்றி, வெளியே எடுக்கும் முன்பே மூடிவிட வேண்டும். ஆய்வில் ஆக்சிஜன் தென்பட்டால் வெளிக்காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். அந்த மாதிரியை நம்பாதீர்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும் என்பதால், மோட்டார் அறையைத் திறந்தே வையுங்கள். தீக்குச்சி உரசிப் பார்க்கும் சோதனை அறவே வேண்டாம்.