புதுப்பிப்பு: ஹாஸ்பிஸ் தன்னார்வப் பணியா, ஷேடோயிங்கா?

அமெரிக்க மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும் முன் கோடை விடுமுறையில் ஹாஸ்பிஸில் (வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் இடம்) தன்னார்வப் பணியா, ஷேடோயிங்கா (ஒரு டாக்டரின் கூடவே இருந்து அவர் வேலையைப் பார்ப்பது), இரண்டில் எதைச் செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஹாஸ்பிஸில் சேர்ந்துவிட்டேன். இடம் கிடைப்பது கஷ்டமாக இல்லை. மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) விதிப்படி, ஹாஸ்பிஸில் சம்பள ஊழியர்களின் நோயாளி பராமரிப்பு நேரத்தில் குறைந்தது 5 சதவீத அளவுக்குத் தன்னார்வலர்கள் பணியாற்ற வேண்டும். பயிற்சியும் அவர்களே கொடுத்தார்கள். ஷேடோயிங்கில் ஓரமாக நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். இங்கே நோயாளியின் பக்கத்தில் உட்கார முடிகிறது. ஒரு தாத்தாவுக்கு பேஸ்பால் செய்தி வாசித்தேன். கண்ணை மூடித்தான் படுத்திருந்தார். ஒரு ஸ்கோரை விட்டதும், “அதையும் படிம்மா” என்கிற மாதிரி விரலால் பேப்பரைத் தட்டினார்.

ஏஎம்சிஏஎஸ் (அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்ப சேவை) விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை குறிப்பிடலாம், 3-ஐ மட்டும் விரிவாக எழுதலாம். அதில் இது நிச்சயம் உண்டு. டாக்டரின் அன்றாட வேலையும் தெரிய வேண்டுமே, அதனால் செமஸ்டர் தொடங்கியதும் ஒரு ஃபேமிலி டாக்டரிடம் ஷேடோயிங் போகிறேன். அவரும் சரி என்றுவிட்டார்.