மாண்ட்கமரி பஸ் புறக்கணிப்பு: பெண்கள் செய்த வேலை பற்றி விவரம் தேவை

செந்தூல்வாசகி:
வணக்கம். அடுத்த மாதம் பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் வாசகர் வட்டத்தில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பர்கள் நடத்திய 1955 மாண்ட்கமரி பஸ் புறக்கணிப்பு பற்றி அரை மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். தமிழில் கிடைப்பதெல்லாம் ஒரே கதைதான்: களைத்துப்போன ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வெள்ளையருக்காக எழ மறுத்தார், மார்ட்டின் லூதர் கிங் பேசினார், சட்டம் மாறியது. இதை வைத்துக்கொண்டு பத்து நிமிடம்கூட ஓட்ட முடியாது. நான்கே நாளில் ஊர் முழுக்கச் செய்தி எப்படிப் போனது? 381 நாள் வேலைக்கு எப்படிப் போனார்கள்? காசு எங்கிருந்து வந்தது? வழக்கு யாருடையது? வீர வசனம் வேண்டாம், வேலை நடந்த விதம்தான் வேண்டும்.

ஆயர்ஈத்தாம்அச்சு:
சைக்கிளோஸ்டைல் மெஷினிலிருந்து (ஸ்டென்சில் வைத்துப் பிரதி எடுப்பது) தொடங்குங்கள் சகோதரி.

பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1, வியாழன் மாலை. செய்தி இரவில் ஜோ ஆன் ராபின்சனுக்குப் போகிறது. அவர் அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கில ஆசிரியை, பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவி. அந்த மன்றத்தை 1946-இல் தொடங்கியவர் அதே கல்லூரியின் மேரி ஃபேர் பர்க்ஸ். பலரும் தவறவிடுவது இதைத்தான்: புறக்கணிப்பு யோசனை அன்றிரவு பிறந்ததல்ல. 1954 மே 21-லேயே ராபின்சன் மேயருக்குக் கடிதம் போட்டுவிட்டார். கேட்டது மிகச் சின்ன விஷயங்கள். கறுப்பர்கள் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்காரட்டும். முன்வாசலில் காசு போட்டுவிட்டு, இறங்கிப் பின்வாசலுக்கு ஓடச் சொல்லாதீர்கள். கறுப்பர் பகுதியிலும் ஒவ்வொரு தெருமுனையிலும் பஸ் நிற்கட்டும். இல்லையென்றால் ஊரே பஸ் ஏறாமல் இருக்கத் திட்டம் போடுகிறது என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தார். பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள் என்ற கணக்கையும் சுட்டிக்காட்டியிருந்தார்.

ஆக, அன்றிரவு துண்டறிக்கை அடிக்க அவருக்குத் தேவைப்பட்டது மெஷினும் தாளும் மட்டும்தான். நள்ளிரவில் கல்லூரியின் வணிகத் துறைத் தலைவர் ஜான் கேனன் மெஷினுக்கு வழி செய்துகொடுத்தார். கூட இரண்டு மாணவர்கள். ஒரு தாளில் அதே வாசகம் மூன்று முறை. ஓட்டி முடித்து, வெட்டிக் கட்டும்போது விடியற்காலை 4 மணி. மொத்தம் 35,000 என்பாரும் உண்டு, 52,500 என்பாரும் உண்டு. மேடையில் ‘பல்லாயிரம்’ என்று சொன்னால் போதும், யாரும் மடக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை வகுப்பு முடிந்ததும் காரில் கிளம்பிப் பள்ளி பள்ளியாக, கடை கடையாக, அழகு நிலையங்கள் வரைக்கும் கட்டுக்கட்டாக இறக்கினார்கள்.

துண்டறிக்கையில் அதை வெளியிட்டவர் யார் பெயரும் கிடையாது. கல்லூரி மாநில அரசின் பணத்தில் ஓடுவது. பெயர் தெரிந்தால் நிதியை நிறுத்திவிடுவார்கள். பார்க்ஸின் பெயர்கூட அதில் இல்லை, “இன்னொரு பெண்” என்றுதான் இருக்கும். கேட்டதும் ஒரே ஒரு நாள்தான், வழக்கு வரும் திங்கட்கிழமை. அவசரத்தில் ஒரு பிழையும் விழுந்தது: அதே ஆண்டு மார்ச்சில் இதே போல பஸ்ஸில் எழ மறுத்துக் கைதான கிளாடெட் கால்வினை ‘கிளாடெட் கோல்பெர்ட்’ என்று அடித்துவிட்டார்கள். அது ஒரு சினிமா நடிகையின் பெயர்! தூக்கக் கலக்கத்தில் ஸ்டென்சில் தட்டியவர்களுக்கு இது புரியும்.

பட்டர்வொர்த்_பாதை:
போக்குவரத்துப் பகுதி என்னுடையது.

முதலில் கறுப்பர்களின் டாக்சிகள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆள் ஏற்றின. நகர நிர்வாகம் ‘டாக்சிக்குக் குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்க வேண்டும்’ என்ற பழைய விதியைக் கையிலெடுத்தது. அந்த வழி சில நாளிலேயே அடைபட்டது. 1953-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் இதே போன்ற புறக்கணிப்பு நடந்திருந்தது. அங்கிருந்து சொந்தக் கார்களைச் சுற்றில் விடும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சுமார் 300 கார்கள். காலையில் ஆள் ஏற்ற 48 இடங்கள், மாலையில் திரும்ப அழைத்துவர 42 இடங்கள். இரண்டும் ஏன் வேறு வேறு? காலையில் கறுப்பர் வீடுகளுக்குப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். மாலையில் பணிப்பெண்கள் வேலை செய்யும் வெள்ளையர் வட்டாரங்களில் ஏற்ற வேண்டும்.

காரில் ஏறியவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. வாங்கினால் உரிமமில்லாத டாக்சி, நம் ஊரில் ‘சப்பு’ என்பார்களே, அந்தக் கணக்கில் பிடித்துவிடுவார்கள். அதனால் எல்லாம் நன்கொடையாக தேவாலயக் கூட்டங்கள் வழியே போயிற்று. போலீஸ் வேறு வழியில் வந்தது: வேகமாகப் போனாய், மெதுவாகப் போனாய் என்று சம்மன். ராபின்சன் ஒருவருக்கே 17. அடுத்த இடி, கார்களின் காப்புறுதி ரத்து. அதற்கு லண்டன் லாய்ட்ஸ் மூலம் மாற்று ஏற்பாடு செய்தார்கள்.

ஒரு வேடிக்கை. பல வெள்ளைக்கார இல்லத்தரசிகளே தங்கள் பணிப்பெண்ணைக் காரில் போய்க் கூட்டிவந்தார்கள். வீட்டுவேலை ஓட வேண்டுமே! மேயர் அவர்களைக் கண்டித்தும் பார்த்தார்.

சுங்கைடுவா_சமையல்:
காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே அக்கா, ஜார்ஜியா கில்மோர் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சமையல்காரர். 1956 மார்ச்சில், புறக்கணிப்பை நடத்தியதற்காகக் கிங் மேல் போட்ட வழக்கில் சாட்சி சொன்னார்: டிரைவர் காசை வாங்கிக்கொண்டு, பின்வாசலுக்குப் போ என்றார், போவதற்குள் பஸ்ஸை எடுத்துவிட்டார். சாட்சி சொன்னதற்கு வேலை போனது. பிறகு வீட்டிலேயே சமைத்து விற்றார்.

அவர் நடத்திய குழுவின் பெயர் ‘எங்கிருந்தும் வராத சங்கம்’ என்ற பொருளில் வரும். வேடிக்கைக்கு வைத்த பெயரல்ல. கேக், சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை (pie), பொரித்த கோழி செய்து தந்த பெண்களில் பலர் வெள்ளையர் வீட்டில் வேலை பார்த்தவர்கள். பட்டியலில் பெயர் இருந்தால் மறுநாள் வேலை இருக்காது. யார் செய்து தந்தது என்பது கில்மோருக்கு மட்டும் தெரியும். அழகு நிலையத்திலும் சலவைக்கடையிலும் விற்றார்கள், வெள்ளைக்காரர்களும் வாங்கினார்கள். ரொக்கம் கூட்டத்துக்கு வரும்; எங்கிருந்து என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை! ஊரின் மறுபுறத்தில் ஐனெஸ் ரிக்ஸ் என்பவர் போட்டிக் குழு நடத்தினார். வாராவாரம் யார் அதிகம் கொண்டுவந்தார்கள் என்று பார்க்கவே ஒரு கூட்டம் சேரும். அந்தக் காசு பெட்ரோலுக்கும் டயருக்கும் போனது.

பிரிக்பீல்ட்ஸ்_வழக்கு:
வழக்கு விஷயத்தில் கவனமாகப் பேசுங்கள். பஸ்ஸில் இனம் பிரிக்கும் சட்டத்தை வீழ்த்தியது பார்க்ஸின் வழக்கு அல்ல. அவருக்கு டிசம்பர் 5-இல் 10 டாலர் அபராதமும் 4 டாலர் நீதிமன்றச் செலவும் விதித்தார்கள். மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் இழுபடும் என்று வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே கணக்குப் போட்டு, 1956 பிப்ரவரி 1-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டார். வாதிகள் எல்லாரும் பெண்கள்: ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித். ஐந்தாவதாக இருந்த ஜெனெட்டா ரீஸ் மிரட்டலுக்குப் பயந்து விலகிக்கொண்டார். ஜூன் 5-இல் அந்தச் சட்டம் செல்லாது என்று நீதிபதிகள் 2-க்கு 1 என்று தீர்ப்பு, நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே நாளில்தான் உள்ளூர் நீதிமன்றம் கார் சுற்றுக்குத் தடை போட்டது! உச்ச நீதிமன்ற உத்தரவு கைக்கு வந்த டிசம்பர் 20 வரை ஐந்து வாரம் பெரும்பாலோர் நடந்தார்கள். பாதைக்காரர் இதை விட்டுவிட்டார்.

கால்வின் 15 வயதில், 1955 மார்ச் 2-இல் கைதானார். ‘கர்ப்பமாக இருந்ததால் ஒதுக்கினார்கள்’ என்று இணையத்தில் ஒற்றை வரியில் எழுதுகிறார்கள். கைதானபோது அவர் கர்ப்பமாக இல்லை. மேல்முறையீட்டில் நீதிபதி இனப்பிரிவினைக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டுப் போலீசைத் தாக்கியதாகச் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டார். பிரிவினைச் சட்டத்தை எதிர்க்க அந்த வழக்கில் பிடிமானம் போய்விட்டது. வயது, வீட்டு வசதி, பின்னால் வந்த கர்ப்பம் எல்லாமும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. தலைவர்கள் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

செந்தூல்வாசகி:
எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். பார்க்ஸ் ‘வெள்ளையர் இருக்கையில்’ உட்கார்ந்தார் என்று எழுதலாமா?

பட்டர்வொர்த்_பாதை:
கூடாது. (தடை உத்தரவை விட்டது என் தவறுதான்.) மண்டபத்தில் 36 நாற்காலி இருந்தால் போட்டே காட்டிவிடுங்கள். முன் 10 வெள்ளையருக்கு, பின் 10 கறுப்பருக்கு, நடு 16 டிரைவர் சொல்கிறபடி. பார்க்ஸ் உட்கார்ந்தது நடுப்பகுதியின் முதல் வரிசை. அவருக்கு அப்போது 42 வயது. முன் பகுதி நிறைந்து ஒரு வெள்ளைக்காரர் நின்றார். ஒரே வரிசையில் இரு இனத்தாரும் உட்காரக் கூடாது என்பதால், அந்த ஒருவருக்காக அந்த வரிசையில் இருந்த நான்கு கறுப்பர்களும் எழ வேண்டும். மூன்று பேர் எழுந்தார்கள். பார்க்ஸ் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.