இரண்டு முறை ஓகே அழுத்திய பெரியவர்: சம்மதம், ஓடிபி, டெம்ப்ளேட் அனுபவங்கள்

அல்சூர்வாசி
பெங்களூரு தொம்மலூரில் மொபைலில் காசுக்குக் கூடுதல் சேவை விற்கும் ஒரு விஏஎஸ் கம்பெனியில் இருந்தேன். காலர் டியூன், ராசிபலன், கிரிக்கெட் ஸ்கோர். என்ன பிழைப்பு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். தமிழ் தெரியும் என்பதால் தமிழ்நாட்டுப் புகாரெல்லாம் என் தலையில். 2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், வாடிக்கையாளரிடம் இரண்டாவது முறையும் சம்மதம் வாங்கித்தான் சேவையைத் தொடங்க வேண்டும் என்று உத்தரவு போட்டதும், இனி புகாரே வராது என்றார் மேனேஜர்.

அடுத்த வருஷம் ஒரு பெரியவர். "தம்பி, தினம் காசு போகுது, ஏதோ மெசேஜ் வருது." ராசிபலன் ஐயா, நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றேன். "எனக்குப் படிக்கத் தெரியாதேப்பா."

கணினிப் பதிவான லாகைத் திறந்தேன். முதல் சம்மதம், இரண்டாவது சம்மதம், இரண்டும் பக்கா. நடுவில் நான்கு விநாடி. திரையில் பெட்டி வந்திருக்கிறது, மறையட்டும் என்று ஓகே அழுத்தியிருக்கிறார். திரும்ப வந்தது, திரும்ப அழுத்தினார். நிறுத்துவதற்கு 155223 என்றேன். "நம்பர் தெரியும்ப்பா, எழுத்துதான் தெரியாது" என்று ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொன்னார். 'செல்லுபடியான சம்மதம்' என்று எழுதிப் புகாரை மூடியது நான்தான்.

எச்எஸ்ஆர் இட்லி
உங்களுக்கு விதி போதவில்லை, எங்களுக்கு விதியே வினை. 2021 மார்ச் 8, டிஎல்டி ஸ்க்ரப்பிங் தொடங்கிய நாள். கம்பெனி அனுப்பும் மெசேஜை, முன்பே பதிவு செய்த மாதிரி வாசகத்தோடு, அதாவது டெம்ப்ளேட்டோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் நிறுத்திவிடும் சோதனை அது. பதிவு செய்த டெம்ப்ளேட்டில் இல்லாத ஒரு முற்றுப்புள்ளியை எங்கள் ஆள் கடைசியில் சேர்த்திருந்தான். அவ்வளவுதான், ஒரு ஓடிபிகூடப் போகவில்லை. மதியம் சாப்பாடு கொண்டுவந்த பையன் வாசலில் ஓடிபி கேட்டு நிற்கிறான். எனக்கும் வரவில்லை! அந்தக் கம்பெனியிலும் யாரோ முற்றுப்புள்ளி தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். சாம்பார் ஆறிவிட்டது. மறுநாளே ட்ராய் அந்தச் சோதனையை ஏழு நாளுக்கு நிறுத்தி வைத்தது.

டெம்ப்ளேட் மாமா
இட்லி சார், முற்றுப்புள்ளியைத் திட்டாதீர்கள். டிஎல்டி வந்தது 2018 விதிமுறையில். மூன்று வருஷம் தூங்கிவிட்டு வினை என்றால் எப்படி? நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிராகரிக்கப்பட்ட டெம்ப்ளேட்டுகளோடு உட்கார்ந்தவன்தான், அது கிடக்கட்டும்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் கம்பெனியைப் பதிவு செய்யுங்கள், அப்புறம் ஹெடர், அதாவது மெசேஜ் அனுப்புகிறவர் பெயராகத் தெரிவது, அப்புறம்தான் டெம்ப்ளேட். விளம்பர வாசகத்தை சர்வீஸ் டெம்ப்ளேட்டுக்குள் நுழைக்காதீர்கள். 2025 திருத்தத்துக்குப் பிறகு ஹெடரின் வாலில் பி (விளம்பரம்), எஸ் (சர்வீஸ்), டி (பரிவர்த்தனை), ஜி (அரசு) என்று இருக்கும். வாங்குகிறவனுக்கே எது விளம்பரம் என்று தெரிந்துவிடும். 2024 அக்டோபர் 1 முதல் முன்கூட்டிப் பதிவு செய்யாத லிங்க் இருந்தாலே மெசேஜ் நின்றுவிடும். தமிழில் அனுப்பினால் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து இல்லை, 70தான். அதிலும் புள்ளி தனி, கொம்பு தனி. 'வணக்கம்' கண்ணுக்கு ஐந்து எழுத்து, மெசேஜ் கணக்கில் ஏழு. பில் வந்தபிறகு அழாதீர்கள்.

எச்எஸ்ஆர் இட்லி
மாமா, யார் கேட்டார்கள்? தூங்கியது நான் இல்லை, எங்கள் வெண்டர்.

சிவாஜிநகர் செல்வி
நான் வாங்குகிற பக்கம். கடன் வேண்டுமா என்று தினமும் மெசேஜ். தொல்லை மெசேஜ் புகாருக்கான 1909-ல் புகார் கொடுத்தேன். நீங்களே சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. எங்கே என்று யோசித்தால், ஒரு துணிக்கடை பில் கவுண்டரில் நம்பர் சொன்னதுதான் ஞாபகம் வருகிறது. அந்தப் பெண் முகம்கூட நினைவிருக்கிறது, "நம்பர் சொல்லுங்கக்கா, பில் போடணும்" என்றாள்.

டெம்ப்ளேட் மாமா எழுதியதில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. அல்சூர் அண்ணா, அந்தப் பெரியவருக்குப் பணம் திரும்பக் கிடைத்ததா?

டெம்ப்ளேட் மாமா
செல்விம்மா, சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. தனியாக எழுதுகிறேன்.

அல்சூர்வாசி
இல்லை செல்வி. சம்மதம் செல்லும் என்று எழுதியாயிற்றே, எப்படித் தருவார்கள்? ஒரு வாரம் கழித்து நானாகவே அவரைக் கூப்பிட்டேன், நின்றதா என்று கேட்க. "நின்னுருச்சு தம்பி, ரொம்ப நன்றி" என்றார். அந்த நன்றிதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.