புதுப்பிப்பு: குப்பத்துப் பெண்கள் திருத்திய கேள்வித்தாள்

கடலூர் முதுநகரை அடுத்த மீனவர் குப்பமொன்றில் மூச்சுத்திணறல் குறித்து நாங்கள் நடத்தவிருக்கும் ஆய்வின் கேள்வித்தாளை அங்குள்ள பெண்களிடம் முன்கூட்டியே காட்டலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். காட்டச் சொன்னீர்கள், காட்டினோம்.

'வேலை நேரம் எது' என்ற கேள்வியைக் கேட்டதும், விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய், வெயிலில் கருவாடு காயவைத்து, மாலையில் கூடை சுமந்து விற்பவர் எந்த நேரத்தைச் சொல்வது என்று ஒரு மூதாட்டி வினவினார். ஆலைகளின் நாற்றம் இரவில்தான் மிகுதி என்பதையும், அதைப் பற்றி எங்கள் தாளில் ஒரு வரிகூட இல்லை என்பதையும் சுட்டியவர் அவரே.

2004-ஆம் ஆண்டிலேயே கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதிக் கிராமத்தினர் பயிற்சி பெற்று, எந்த நேரத்தில் எவ்வகை வாடை வீசுகிறது என்று தாங்களே பதிவுசெய்தார்கள். வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். அந்த அனுபவத்தை நாங்கள் முதலிலேயே நினைவில் கொண்டிருக்க வேண்டும்.

ஆய்வுகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில் துறைசாராத பொதுமனிதர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அது அவசியமே, ஆயினும் அவர் கைக்குப் பெரும்பாலும் எழுதி முடித்த தாள்தான் வருகிறது.

இரவுநேரக் கேள்விகளைச் சேர்த்து, அந்தப் பெண்களிடமே மறுபடி படித்துக்காட்டிவிட்டுக் குழுவுக்கு அனுப்பியுள்ளோம். ஒப்புதல் வந்ததும் எழுதுகிறேன்.